ஒன்றரை அங்குல இடைவெளி

அத்தை மக்களுக்கு, அதாவது என்னோடு சேர்ந்து மூட்டுவலி மாத்திரை விழுங்கும் வயதை எட்டிவிட்ட உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் வானகரத்து அத்தான் நம் குடும்பக் கைப்பேசிக் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் குருவிகளுக்குத் தீனி வைக்க ஒரு கூண்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக்கா, மரமா, கம்பியா, எது நல்லது என்று. விலங்கியல் படித்து, அதையே கல்லூரியில் ஆயுள் முழுக்கக் கற்பித்தவள் என்ற முறையில் கேள்வி எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பதிலைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் சின்ன அத்தானின் செய்தி வந்து விழுந்தது. "அவங்க கிட்ட போய் கேக்கறீங்களே, காக்காவே வராத வீடாச்சே அது!" அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

இந்தச் சிரிப்பை நான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. நமக்குத் தெரியும், இது வேடிக்கையாகப் பிறக்கவில்லை. மாமனாரைக் கடைசிக் காலத்தில் என் அம்மா பட்டினி போட்டாள் என்று உங்கள் அம்மா, என் அத்தை, நாலு பேர் முன்னிலையில் சொன்ன குற்றச்சாட்டு அது. நான் மறுத்துப் பேசாததற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் அப்பாவின் பெயரைக் கெடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தலைமுறையில் எவரும் உயிரோடு இல்லை. ஆகவே தீனிக் கூண்டைப் பற்றிக் கேட்ட அத்தானுக்கு முழுப் பதிலாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். பின்புறம் இடுப்புயரச் சுவரும், அதற்குள் தோட்டம் என்று அழைக்கத் தகுந்த ஒரு துண்டு நிலமும் இருந்தன. எங்கள் துண்டில் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, துவைக்கும் கல், வெந்நீர் அடுப்பு. தாத்தா அதற்கு முந்தைய மாசியில் எங்கள் வீட்டில்தான் இறந்தார். ஓராண்டு காலம் படுக்கையில் இருந்தவர். வீட்டில் அவர் விட்டுச் சென்றவற்றுள் என் கண்ணில் எப்போதும் பட்டது, முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவருடைய கறுப்புக் குடை. பிரம்புப் பிடி. ஒரு மடிப்பு முழுதாகக் கிழிந்திருந்தது. அம்மா அதன் தூசியைத் துடைப்பாளே தவிர எடுக்கமாட்டாள்.

பறவைகளின்மேல் எனக்கு வந்த ஆர்வத்துக்கு அரிசிதான் காரணம். ரேஷன் அரிசியைச் சலித்து நொய்யை அம்மா முற்றத்தில் வீசுவாள். குருவிகள் இறங்கும். அவை ஏன் சில மணிகளைக் கொத்திவிட்டுத் துப்புகின்றன, ஏன் சுவரோரமாக மட்டும் இறங்குகின்றன, முதலில் இறங்குவது எப்போதும் ஒரே குருவிதானா என்ற கேள்விகள் என்னைப் பிடித்துக்கொண்டன. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு இப்போது இல்லை. எந்தக் குடிமாற்றத்தில் போனது என்பதும் தெரியவில்லை. ஆனால் அதன் முதல் பக்கம் கண்ணுக்குள் நிற்கிறது: "நொய், கம்பு, தினை, சோளம் வைத்தேன். கம்பு முதலில் காலி. சோளத்தை யாரும் தொடவில்லை. மைனா கீழேதான் தின்னும், தொங்கும் தட்டில் ஏறாது."

பாத்திரத்திலும் சோதனைகள் செய்தேன். பால்பவுடர் டின்னின் மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டபோது அது ஒரு பக்கம் சாய்ந்து கொட்டியது. கொட்டாங்கச்சியில் அணில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. மண் அகலில் தானியம் வைத்தால் பனியில் ஊறிப் புளித்த வாடை அடித்தது. தண்ணீர் வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. வானகரத்து அத்தான் இதைக் குறித்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு மண், தானியத்துக்கு நீர் தேங்காத தட்டு. பிளாஸ்டிக் வெயிலில் வெடித்துவிடும்.

எதை வைத்தாலும் கடைசியில் காக்கைகள்தான் சாப்பிட்டன. நான் முற்றத்தில் நின்று கத்துவதை ஒரு நாள் அப்பா பார்த்தார்.

அப்பா தொழிற்சாலையின் கருவிகள் செய்யும் டூல் ரூமில் சார்ஜ்மேன், மேற்பார்வையாளர். அளவு என்பது அவருக்கு வழிபாடு. வேலையிடத்திலிருந்து ஒரு திருகாணியைக்கூட வெளியே கொண்டுவராதவர் என்று பெயர் எடுத்தவர். கேட்டில் சோதனை போடுகிறவர்கள் அவருடைய சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கச் சொல்வதில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தாளை விரித்து உட்கார்ந்தார்.

"குருவியோட அகலம் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"பிடிச்சுப் பாக்கலப்பா."

"அளக்காம எப்படிடி நோட்டு எழுதற?"

அவரே இரண்டு நாள் ஜன்னலருகில் உட்கார்ந்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். அம்பத்தூரில் ஒரு கடையில் கம்பி வாங்கிவந்தார். ஒரு கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் வாய்க்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே விரற்கடை இடம் விட்டார். தின்னத் தின்ன கம்பு தானாக இறங்கும். அதைச் சுற்றி உருண்டையாக ஒரு கம்பிக் கூண்டு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சரியாக ஒன்றரை அங்குலம். "குருவி நுழையும். காக்காவுக்குத் தலைதான் நுழையும், வயிறு நுழையாது," என்று சொல்லிக் கொய்யாவின் கிளையில் அதை மாட்டினார். இன்று கடைகளில் விற்கும் கூண்டுகளில் பலவும் இதே கணக்குதான். அப்பா யாரைப் பார்த்தும் செய்யவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

கூண்டு காக்கையை உள்ளே விடவில்லை. ஆனால் காக்கை உள்ளே வர விரும்பவுமில்லை. கம்பியைக் காலால் பற்றிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கியது. கம்பு மழைபோலக் கீழே கொட்டியது. கீழே அதன் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். குருவிகள் முருங்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரங்களில் நடந்ததால் இது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருபவர் ஒருநாள் என் நிலையைக் கண்டார். பழைய விவசாயக் குடும்பம். நிலம் பாதி போய் மாடுகள் மிஞ்சியவர்.

"இன்னா பாப்பா, காக்காவ முறச்சிகினு நிக்கிற? சண்டையா?"

நான் கூண்டைக் காட்டினேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஜெயிலு ஷோக்கா கீது. ஆனா காக்காவுக்கு இதெல்லாம் ஊஞ்சலு. எங்க கொல்லில இன்னா பண்ணுவோம் தெர்மா? செத்த காக்கா ஒண்ண தலகீயா தொங்க உட்ருவோம். அப்பால ஒண்ணு கிட்ட வராது."

"செத்த காக்காவுக்கு நான் எங்க போறது?"

"கறுப்புத் துணி போதும். நெஜ எறகு நாலு சொருவு. காக்கா இன்னா, கண்ணாடி போட்டுகினா பாக்குது?"

கறுப்புத் துணிக்கு நான் எங்கே போனேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். கிழிந்த மடிப்பை மட்டும் வெட்டுவது என்றுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு மடிப்பு போதவில்லை. மூன்று வெட்டிய பிறகு அது குடையாகத் தெரியவில்லை. பயந்துபோய், கம்பியையும் பிரம்புப் பிடியையும், பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவரின் கூடையில் போட்டேன். அவர் கொடுத்த பழத்தைத் தின்ன முடியாமல் துவைக்கும் கல்லின் அடியில் புதைத்தேன். ஆணி வெறுமையாக இருப்பதை அம்மா பார்த்தாள். அப்பா எதற்கோ எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

துணிக்குள் தேங்காய் நாரை அடைத்து, அலகுக்கு ஒரு கரித்துண்டு வைத்து, உதிர்ந்த இறகுகளைச் செருகி, சணலால் காலைக் கட்டி, கொய்யாவின் உள்கிளையில் இலைகளுக்கு நடுவே தலைகீழாகத் தொங்கவிட்டேன். அன்று நடந்ததை மறக்க முடியாது. ஒரு காக்கை பார்த்தது, கரைந்தது. கால்மணி நேரத்தில் கூரைமேல் நாற்பது ஐம்பது கூடி, காது பிளக்கும்படி ஓலமிட்டன. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். பிறகு ஒரே வீச்சில் எல்லாம் எழுந்து போயின. அதன்பின் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மறுநாள் கூண்டுக்குள் ஆறு குருவிகள். அதற்கு அடுத்த நாள் பதினொன்று. அப்பா ஜன்னலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். அந்த வாரமே ஃபோர்மேனை அழைத்துவந்து காட்டினார். அப்பாவின் மேலதிகாரி அவர். எதையும் எளிதில் புகழாதவர்.

"அட, ஒரு காக்காகூட காணுமே. என்னய்யா வித்தை?"

"ஒன்றரை அங்குலம் சார். அவ்வளவுதான் ரகசியம்."

வரைபடத்தின் நகல் மூன்று வீடுகளுக்குப் போனது. மூன்று வீடுகளிலும் காக்கைகள் ஊஞ்சல் ஆடின. "ஸ்கேல் வெச்சு அளக்கத் தெரியாதவங்க," என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் குடையும் வெளியே வந்திருக்கும்.

மாசியில் தாத்தாவின் முதல் திதி வந்தது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அத்தை முந்தின நாளே ரயிலில் வந்து இறங்கினார். நீங்கள் எல்லோரும் பள்ளிப் பரீட்சை என்று வரவில்லை. அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர் அத்தை. தன் தகப்பனாரின் கடைசி நாட்களில் வந்து இருக்க முடியாமல் போனது அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அது இப்போது எனக்குப் புரிகிறது. அன்று அவர் சமையலறையில் நின்று கேட்ட கேள்விகள் மட்டுமே காதில் விழுந்தன. "அப்பாவுக்கு ராத்திரி என்ன குடுப்ப? கஞ்சியா? வெறும் கஞ்சியா?" அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஓராண்டு படுக்கையைத் துவைத்தவளை விசாரிக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக இருந்தது.

திதியன்று விடியற்காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சமைத்தாள். அவளிடம் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. தாத்தாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். ஃபோர்மேனும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டாரும் சாப்பிட வருவதாக இருந்தது. இலையில் படைத்துக் கும்பிட்ட பின், பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றைப் பின்சுவரில் வைத்து அம்மா, "கா... கா..." என்று அழைத்தாள். காக்கை தொட்ட பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். இறந்தவர் மனநிறைவோடு ஏற்றார் என்பதற்கு அதுவே அடையாளம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காக்கை வரவில்லை.

அம்மா மறுபடியும் அழைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வாரங்கள் காக்கையை நோட்டில் எழுதியவளுக்கு, திதிக்குக் காக்கை தேவைப்படும் என்பது தோன்றவே இல்லை.

எல்லோரும் முன்னறைக்குப் போன நேரம் பார்த்துக் கொய்யாவில் ஏறினேன். கிளைக்குள் கையை விட்டேன். நான் கட்டிய சணல் அங்கே இல்லை. அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பி. ஆறு சுற்று, ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே சீரான சுற்று. முனை உள்ளே மடக்கியிருந்தது. ரேடியோ ஏரியலுக்காக வாங்கி வைத்திருந்த கம்பி. அப்படிச் சுற்ற எங்கள் வீட்டில் ஒருவரால்தான் முடியும். சணல் அறுந்து விழுந்ததை அப்பா பார்த்திருக்கிறார். எடுத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துணிக் காக்கையைப் பாவாடைக்குள் மறைத்து வெந்நீர் அடுப்பருகில் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா குடைடி இது."

"ஆமாம்மா."

பிறகு அந்தக் கம்பிச் சுற்றைப் பார்த்தாள். சற்று அதிக நேரமே பார்த்தாள்.

"உங்க அத்தை இதைப் பாத்தா தாங்க மாட்டாங்க. உன் தோலையும் உரிச்சிடுவாங்க. பேசாம இரு. காக்கா வந்துடும்," என்று சொல்லி அதை அடுப்புக்குள் தள்ளினாள். நாரும் துணியும் பொசுக்கென்று பற்றிக்கொண்டன.

ஆனால் காக்கை அவ்வளவு சீக்கிரம் மறக்கிற உயிர் இல்லை. பயந்த இடத்தை அது வாரக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். நான் பிற்காலத்தில் மாணவிகளுக்குப் பாடமாகச் சொன்னதை அன்று என் அம்மாவின் செலவில் கற்றேன். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. சோறு காய்ந்து வெடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "எங்க சொவத்துல வெச்சுப் பாருங்களேன், அங்க நாலு ஒக்காந்துகினு கீதுங்க," என்றாள்.

"எங்கப்பா உசுர விட்டது உங்க வீட்டுல இல்லம்மா, இந்த வீட்டுல," என்றார் அத்தை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஊரெல்லாம் காக்கா இருக்கு. இந்தச் சொவத்துக்கு மட்டும் வரல. வயிறு எரிஞ்சு போன மனுஷன் எப்படிம்மா வந்து வாய் வெப்பாரு? சோறு போட்டிருந்தா வந்திருப்பாரு."

ஃபோர்மேன் இருந்தார், அவர் மனைவி இருந்தார், பக்கத்து வீட்டார் இருந்தார்கள். அம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடி நின்றாள்.

நான் முன்னால் போய் நின்றேன். "அத்தை, காக்கா வராததுக்கு நான்தான் காரணம். மரத்துல துணிக் காக்கா கட்டித் தொங்கவிட்டேன்."

"எங்க? காட்டு."

"இப்ப இல்ல. எரிச்சாச்சு."

"துணி ஏது?"

"தாத்தா குடை."

அத்தை நேராக முன்கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் இருந்த நிலையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

"குடையயும் தூக்கிப் போட்டாச்சா? அதுக்குக் கதை வேற. பெத்த பொண்ணுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க!" இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, நீ பொய் பேச மாட்ட. நீ சொல்லு. மரத்துல அப்படி ஒண்ணு தொங்கிச்சா?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். அப்பா ஃபோர்மேன் உட்கார்ந்திருந்த திசையில் ஒருமுறை பார்த்தார். பின் தரையைப் பார்த்தார்.

"நான் எதையும் பாக்கலக்கா."

அத்தை கை நனைக்காமல் மாலை ரயிலுக்குக் கிளம்பினார். விருந்தினர் அவசரமாகச் சாப்பிட்டுப் போனார்கள். அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அப்பாவோடு சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவள் ஒவ்வொரு காலையும் பின்சுவரில் ஒரு கவளம் சோறு வைத்தாள். அழைக்கவில்லை, வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆனால் சுவர் தெரியும்படியாகத்தான் வேலை செய்வாள். நான் நோட்டில் எழுதினேன். மூன்றாம் நாள் தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை. ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டியின்மேல் அதே காக்கை. இடது இறக்கையில் ஓர் இறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அடையாளம் தெரிந்தது. எட்டாம் நாள் முருங்கையில் உட்கார்ந்து, கொய்யாவுக்குள் தலையைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் சோதித்தது. குருவிகள் கூண்டுக்குள் வழக்கம்போல வந்துபோயின. அப்பா அந்த ஜன்னலருகில் உட்காருவதை நிறுத்தியிருந்தார்.

பத்தாம் நாள் காலை, அது சுவருக்கு வந்தது. பக்கவாட்டில் நான்கு தத்து தத்தி, ஒரு பருக்கையை எடுத்துப் பின்வாங்கி, விழுங்கி, மறுபடி வந்து கவளத்தில் அலகை வைத்தது. நான் கத்தப் போனேன். அம்மா என் தோளை அழுத்தினாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கைக்கெட்டும் தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அவளைக்கூடக் கூப்பிடவில்லை.

அப்பா சாப்பாட்டுக் கேரியரோடு பின்வாசலில் வந்து நின்றார். அவரும் பார்த்தார். தொழிற்சாலையின் முதல் சங்கு ஊதி முடிந்திருந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் தாமதமாகப் போகாத மனிதர் நகராமல் நின்றார்.

"வந்துடுச்சே," என்றார். "அக்காவுக்கு இன்னிக்கே ஒரு லெட்டர் போட்டுடறேன்."

அம்மா காக்கையைப் பார்த்தபடியே கேட்டாள். "என்னன்னு எழுதுவீங்க?"

அப்பா கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலை மேசைமேல் ஓர் அஞ்சலட்டையும் பேனாவும் இருந்தன. மறுநாளும் இருந்தன. அட்டையில் "அன்புள்ள அக்காவுக்கு" என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.